முப்பத்தோராவது துணி

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். இருபத்தாறு வருஷமாக ஒட்டுகிறேன். நான் ஒட்டிய சுவரை உடைக்க வேண்டிய அவசியம் இதுவரை எவனுக்கும் வந்ததில்லை என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். நான் கத்துகிற இடம் வரும்போது, இந்த ஆள் ஏன் இப்படி என்று நீங்கள் கேட்கக் கூடாது.

என் மனைவி பதினைந்து வருஷம் ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தாள். சட்டையில் மற்றதெல்லாம் மற்றவர்களுக்கு, இவளுக்குக் காலர் மட்டும். ஒரு நாள் கம்பெனி வாசலில் நோட்டீஸ் ஒட்டிப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். அதன்பிறகு ஒரு மாசம் வீட்டில் இருந்த துணியையெல்லாம் தைத்துத் தள்ளினாள். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் துணிக்குக்கூட விளிம்பு மடித்துத் தைத்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. அப்புறம் ஒரு நாள் கையில் விண்ணப்பத்தோடு வந்து நின்றாள்.

"குழாய் வேலைப் பயிற்சி. ஆறு மாசம். சேரப் போறேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறிவிட்டது.

"ஏம்மா, உனக்கு நாப்பத்தி மூணு வயசு ஆகுது. ஊசியில நூல் கோக்கவே கண்ணாடியத் தேடுற. இப்பப் போய்க் குழாயா?"

"குழாய் என்கிட்ட வயசு கேக்கப் போகுதா?" என்றாள்.

காலேஜில் படிக்கும் எங்கள் மகள் உள்ளறையிலிருந்து கைதட்டினாள். அந்தப் பக்கம் ரெண்டு ஓட்டு ஆகிவிட்டது. என் பேச்சு எடுபடவில்லை.

பயிற்சிக் கூடத்தில் பத்தொன்பது ஆண்கள், இவள் ஒருத்தி. முதல் வாரம் அவளைத் துணைக்கு வந்தவள் என்று நினைத்துப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்களாம். மூன்றாம் மாசம் அவள் வெட்டிய குழாயை எல்லாரிடமும் காட்டி, இப்படி வெட்டுங்கடா என்றாராம் மாஸ்டர். பதினைந்து வருஷம் துணியை நேராகத் தைத்தவளுக்குக் குழாயை நேராக வெட்டுவது என்ன பெரிய விஷயம் என்று நான் சொன்னேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான். வாய் ஒத்துழைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து படித்ததையெல்லாம் பழக வேண்டும் என்று, இருந்த குழாய் ஒன்று விடாமல் கழற்றிப் போட்டாள். ரெண்டு நாள் வீட்டில் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து வாளியில் சுமந்து வந்த மகள், "அப்பா, அம்மா பாஸ் ஆகுற வரைக்கும் நமக்குக் குளியல் கிடையாது போலிருக்கு" என்றாள். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் மாட்டி முடித்தாள். அன்றைக்கு முழுக்க வீட்டில் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி எனக்கு இருந்தது. யாராவது ஊருக்குப் போய்விட்டார்களா என்றுகூட யோசித்தேன். சாயங்காலம்தான் புரிந்தது. எட்டு வருஷமாகச் சமையலறையில் சொட்டிக்கொண்டிருந்த குழாய் நின்றுபோயிருந்தது. நானே எத்தனையோ தடவை துணி சுற்றிக் கட்டிவிட்டு, இது சரியாகாது என்று கைகழுவிய குழாய் அது.

சாப்பிடும்போது அவள் சொல்கிற கதையெல்லாம் குழாய்க் கதைதான். பிளாஸ்டிக் குழாய் வளைய வேண்டிய இடத்தில் எல்போ என்று ஒரு துண்டு போடுவார்கள். குழாய் முனையில் பசை மாதிரி ஒரு திரவத்தைப் பூசி அதற்குள் சொருகினால் இரண்டும் இளகி ஒன்றாகிவிடும். தொழிலில் அதற்குச் சொல்யூஷன் என்று பெயர்.

"முந்தாநாள் மாஸ்டர் சொல்யூஷனே போடாம சும்மா சொருகி வச்சு, தண்ணி விட்டுக் காட்டினாருங்க. ஒரு சொட்டு வரல. நாள் முழுக்கப் பிடிச்சு நின்னுச்சு. மூணாம் நாளு, இன்னைக்கு, எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது படார்னு கழண்டு, மாஸ்டரு தொப்பலா நனைஞ்சு போனாரு."

"அந்த ஆளுக்கு வேற வேலை இல்ல" என்றேன்.

"இல்லங்க. தண்ணிக்கு அவசரமே கிடையாது. சந்து கிடைக்கிற வரைக்கும் அது பாட்டுக்குத் தேடிக்கிட்டே இருக்கும். அதத்தான் காட்டினாரு." இதைச் சொல்லும்போது அவள் சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். கோயிலில் நிற்கிறவள் முகம் மாதிரி இருந்தது. எனக்கு அன்றைக்கு அது புரியவில்லை.

பாஸ் ஆனாள். நான் மேஸ்திரிகளிடம் கூலிக்குப் போவதை நிறுத்தினேன். ரெண்டு பேரும் சேர்ந்து சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தோம். குழாய் அவள், டைல்ஸ் நான். மகள் பலகை எழுதினாள். எந்த வேலை மேலே வருவது என்று ரெண்டு நாள் சண்டை நடந்து, டைல்ஸ் மேலே வந்தது. சுவரில் கண்ணுக்குத் தெரிகிறது டைல்ஸ்தானே, குழாயை எவன் பார்க்கப் போகிறான் என்பது என் வாதம்.

முதல் பெரிய வேலை ஒரு பல் டாக்டருடைய கிளினிக். மாடியில் இருந்தது. கீழே நோட்டுப் புத்தகக் கடை, தரையிலிருந்து கூரை வரைக்கும் காகிதக் கட்டு. டாக்டரம்மா சொந்தமாகத் தொடங்கும் முதல் கிளினிக் அது. திங்கட்கிழமை திறப்பதாக எல்லாருக்கும் சொல்லிவிட்டிருந்தார். பல் பார்க்கும் நாற்காலிக்குப் பின்னால் ஒரு தடுப்புச் சுவர். இரும்புச் சட்டம், அதன்மேல் சிமெண்டுப் பலகை, உள்ளே வெறும் கூடு. அந்தக் கூட்டுக்குள் இவளுடைய குழாய் ஓட வேண்டும். பலகைமேல் என்னுடைய டைல்ஸ்.

டாக்டரம்மா ஆசைப்பட்டு எடுத்த டைல்ஸ் அது. கடல் பச்சை. அந்த டிசைனைக் கம்பெனி நிறுத்திவிட்டது. கடையில் கிடந்த கடைசிப் பெட்டிகளில் எனக்கு வேண்டியதை மட்டும் எண்ணி எடுத்தேன். சுவருக்கு நூற்று நாற்பது. கடைக்காரர், "உடைசலுக்கு நாலு சேத்து எடுத்துக்கோங்க" என்று மன்றாடினார். "என் கையில உடையாது" என்றேன். மிச்சமே விழாமல் வேலை பார்க்கிறவன் என்று பேர் வாங்கியவன் நான். மீதியைப் பக்கத்திலேயே நின்ற வேறொருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவள் வேலை செய்யும் விதத்தை இங்கே சொல்ல வேண்டும். முதலில் சொல்யூஷன் இல்லாமலே மொத்தக் குழாயையும் சொருகிப் பார்ப்பாள். அளவு சரியாக வந்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் பென்சிலால் கோடு இழுத்துக்கொள்வாள். அப்புறம் ஒன்றொன்றாகக் கழற்றி, சொல்யூஷன் பூசி, கோட்டோடு கோடு சேரச் சொருகி, பிதுங்கி வருவதைத் துணியால் துடைப்பாள். ஒரு இணைப்புக்கு ஒரு துணி. தையல் மிச்சத்தில் விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டி, எத்தனை இணைப்போ அத்தனை துணியைக் காலையிலேயே எண்ணி ஏப்ரனின் வலது பையில் போட்டுக்கொள்வாள். துடைத்தது இடது பைக்குப் போகும். வலது பை காலியானால் வேலை முடிந்தது. இதை எந்த மாஸ்டரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே வைத்துக்கொண்ட வழக்கம். கிளினிக்கில் முப்பத்தொரு இணைப்பு. முப்பத்தொரு துணி.

அன்றைக்கு அவசரப்படுத்தியது நான்தான். "முடிச்சியா இல்லியா? பலகை அடிக்கணும், எனக்கு வேலை கிடக்கு" என்று பத்து தடவை கேட்டேன். அந்த அவசரத்தில் அவள் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு, பம்பை வைத்துக் குழாய்க்குள் அழுத்தம் ஏற்றினாள். அளவு காட்டும் முள் ஒரு இடத்தில் போய் நின்றது. எங்காவது கசிந்தால் அது இறங்கிவிடும். மறுநாள் அதே நேரம் வரைக்கும் நூலிழைகூட அசையவில்லை. நான் பலகை அடித்தேன், டைல்ஸ் ஒட்டினேன். சனிக்கிழமை மத்தியானம் கடைசி டைல் உட்கார்ந்தது. பெட்டி காலி. அறையே தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி இருந்தது. டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் சட்டையில்லாமல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் ஏப்ரனைத் துவைக்கப் போனவள் ஈரக் கையோடு வந்து எதிரில் நின்றாள். விரல் நுனியில் ஒரு மஞ்சள் துணி. சின்னச் சின்னப் பூப் போட்டது. மகளுடைய பழைய கவுன்.

"என்னங்க, இது வலது பையில கிடந்துச்சு. சுத்தமா இருக்கு."

"சுத்தமா இருந்தா நல்லதுதானே. துவைக்கிற வேலை மிச்சம்."

"விளையாடாதீங்க. முப்பத்தொண்ணு வெட்டினேன். ஒண்ணு துடைக்கல."

"ஒண்ணு கூட வெட்டியிருப்ப."

"பதினஞ்சு வருஷம் காலர் எண்ணினவ நான்."

"சரி, ஒரே துணியில ரெண்டு துடைச்சிருப்ப."

"மாட்டேன்."

அவள் குரலே மாறியிருந்தது. நான் பேப்பரை மடித்தேன்.

"ஒரு ஜாயின்ட்டுல சொல்யூஷன் போடலைங்க. சும்மா சொருகித்தான் நிக்குது. எப்பக் கழளும்னு தெரியாது. டாக்டரம்மா பேஷண்ட் வாயில கை வச்சிருக்கும்போது கழளலாம். கடையெல்லாம் பூட்டிட்டுப் போனப்புறம் கழண்டா, கீழ அவ்வளவு பேப்பரும் கூழாப் போயிரும். சுவரத் திறக்கணும்."

இங்கேதான் நான் கத்தினேன்.

"முள்ளு அசையல! ஒரு நாள் பூரா நின்னுச்சு, நானும்தான் பாத்தேன்! ஒரு துண்டுத் துணிய வச்சுக்கிட்டு, நாளைக்குத் திறக்கப் போற கிளினிக்க ஒடைக்கச் சொல்றியா? கையில ஒரு டைல் மிச்சம் இல்ல, தெரியுமா உனக்கு? ஒண்ணு விரிசல் விட்டாலும் அந்தச் சுவரு போச்சு! உன் குழாய்க்காக என் சுவத்த ஒடைக்கணுமா?"

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"திறக்கலைன்னா நான் இனிமே இந்த வேலை செய்ய மாட்டேன். தெரிஞ்சே மூடி வச்சுட்டு இன்னொரு வீட்டுக்குப் போய்க் குழாயத் தொட என்னால முடியாது. திறந்து பாத்து, நான் சொன்னது தப்பா இருந்தாலும் செய்ய மாட்டேன். உங்க சுவத்த வீணாக்கினவளா நான் கூட வர மாட்டேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். முனைக் கடையில் ஒரு டீ குடித்தேன், இன்னொன்றும் குடித்தேன். என் மனசுக்குள் நானே வக்கீல், நானே ஜட்ஜ். கேஸில் நான்தான் ஜெயித்தேன். முள் அசையவில்லை, அவ்வளவுதான். தீர்ப்போடு வீட்டுக்குத் திரும்பினேன்.

அவளுடைய கருவிப் பெட்டி மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளப்பட்டிருந்தது. தையல் மிஷினின் உறையைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி போடவில்லை. நூல் ஊசிக் காதைத் தொட்டுத் தொட்டு விலகிப் போனது. மறுபடி நுனியை நாக்கில் ஈரமாக்கி, மறுபடி. பக்கத்தில் நின்ற மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் தீர்ப்பெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"எந்த டைல்?" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நூத்தி நாப்பது இருக்கு. ஒண்ணே ஒண்ண முழுசா எடுக்கப் பாக்கறேன். ரெண்டாவது கேக்காத. எந்த டைல்?"

"அங்க போய் நின்னாத்தான் சொல்ல முடியும்" என்று எழுந்துவிட்டாள். மஞ்சள் துணியை ஈர ஏப்ரனின் வலது பையில் போட்டுக்கொண்டாள்.

கிளினிக் சாவி எங்களிடம்தான் இருந்தது. தண்ணீரை அடைத்து, குழாயில் இருந்ததை வடித்தோம். ஜன்னல் வழியாக வெளிச்சம் சுவர்மேல் நேராக விழுந்தது. பத்து வரிசை, வரிசைக்குப் பதினாலு. ஒரு கோடு பிசகில்லை. இதையா அறுக்கப் போகிறோம் என்று ஒரு டைலைத் தடவிப் பார்த்தேன்.

அவள் சுவருக்கு ஒரு அடி தள்ளி நின்று கண்ணை மூடிக்கொண்டாள். கையைத் தூக்கினாள். ஒன்றும் இல்லாத வெளியில் ஒரு குழாயைப் பிடித்தாள், கழற்றினாள், பூசினாள், சொருகினாள், கோட்டைப் பார்த்தாள், துடைத்தாள். வலது கை பையைத் தொட்டு வந்தது. "ஒண்ணு" என்றாள். ஒரு எட்டு நகர்ந்தாள். மறுபடி கழற்றினாள், பூசினாள். "ரெண்டு." குனிந்தாள். "மூணு. இங்க குழாயப் பிடிச்ச கவ்வி இறுக்கமா இருந்துச்சு." முட்டி போட்டாள், எழுந்தாள், எம்பினாள். சுவர் அவளுக்கு முன்னால் இல்லவே இல்லை. என் டைல்ஸும் பலகையும் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே ஓடும் குழாயை அவள் ஒவ்வொரு அடியாகத் தொட்டுக்கொண்டு போனாள். எந்த இடத்தில் ஆணி இருந்தது, எந்த இடத்தில் எல்போ வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது என்றெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறேன், இந்தப் பெண்ணுக்குள் இப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

"பதினெட்டு" என்றாள். ஒரு எட்டு வைத்தாள். கையைத் தூக்கிக் குழாயைக் கழற்றினாள். அப்படியே நின்றது கை.

"இங்கதான் நீங்க கூப்பிட்டீங்க."

எனக்கு நினைவு வந்துவிட்டது. எதிர்ச் சுவருக்குச் சாதாரண வெள்ளை டைல்ஸ்தான், அதன் மூலையில் ஒன்றை வளைவாக வெட்டிப் பொருத்தியிருந்தேன். அதைப் பார்க்கச் சொல்லி, "ஏய், இங்க வந்து பாரு, ஐயா கைய" என்று கத்தினேன். அவள் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

"கழட்டினத அப்படியே மறுபடி சொருகி வச்சுட்டு வந்தேன். திரும்பிப் போய் அடுத்ததத் தொட்டுட்டேன்." கண்ணைத் திறந்தாள். பென்சிலை எடுத்து ஒரு டைலின் நடுவில் புள்ளி வைத்தாள். கீழிருந்து நாலாவது வரிசை, ஜன்னல் பக்கத்திலிருந்து ஆறாவது. "இதுக்குப் பின்னாடி."

டைலைப் பெயர்த்தால் நிச்சயம் உடையும். அதனால் டைலோடு பலகையையும் சேர்த்துச் சதுரமாக அறுத்து எடுப்பது என்று முடிவு செய்தேன். நாலு பக்கமும் டைலுக்கு டைல் நடுவில் இருக்கும் கோட்டில், மெல்லிய வாளை விட்டு அறுக்க வேண்டும். கோட்டின் அகலம் ரெண்டு நகக் கனம்கூடக் கிடையாது. வாள் சாய்ந்தால் டைல் போச்சு. ஆழமாகப் போனால் குழாய் போச்சு.

"பின்னாடி எவ்வளவு இடம் இருக்கு?"

"மூணு பக்கம் ஒரு விரக்கட. மேல் கோட்டுல மட்டும் குழாய் பலகைய ஒட்டிப் போகுது. அங்க பல்லக் கடிச்சுக்கிட்டு மெதுவாப் போங்க."

பல்லைக் கடித்துக்கொண்டுதான் அறுத்தேன். கீழ்க் கோடு முடிந்தது. ரெண்டு பக்கமும் முடிந்தது. மேல் கோட்டில் பாதி போயிருப்பேன், வாசலில் செருப்புச் சத்தம். டாக்டரம்மா ஒரு அட்டைப் பெட்டி நிறையச் சாமானோடு உள்ளே வந்து, சுவரில் வாளைச் செருகிக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்தார். பெட்டி கையிலேயே நின்றது.

"என்ன பண்றீங்க?"

என் வாயில் பொய் தயாராக இருந்தது. டைல் லேசாத் தூக்கலா இருந்துச்சும்மா, சரி பண்றேன் என்று சொல்லியிருப்பேன். இருபத்தாறு வருஷத்தில் அந்த மாதிரி எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அதற்குள் என் மனைவி பேசிவிட்டாள்.

"ஒரு ஜாயின்ட்ட ஒட்ட மறந்துட்டேங்க. இதுக்குப் பின்னாடி இருக்கு. டெஸ்ட்டுல தெரியல."

"தெரியலைன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் மஞ்சள் துணியை எடுத்துக் காட்டினாள். டாக்டரம்மா துணியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உள்ள எல்லாம் சரியா இருந்தா?"

"சுவர இவரு பழையபடி மூடிக் கொடுத்துருவாரு. நான் இந்தத் தொழில்ல இருக்க மாட்டேன்."

டாக்டரம்மா பெட்டியைக் கீழே வைத்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத தன்னுடைய நாற்காலியில், பேஷண்ட் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். "செய்ங்க" என்றார்.

மிச்சக் கோட்டை மூச்சுப் பிடித்துக்கொண்டு அறுத்து முடித்தேன். ரெண்டு பக்கமும் மெல்லிய தகடு கொடுத்து நெம்பினேன். சதுரம் அசைந்தது. முழுசாக, ஒரு கீறல் இல்லாமல், ஒரு ஜன்னல் மாதிரி என் கைக்கு வந்தது. அதைத் துணிமேல் படுக்க வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

உள்ளே, சரியாக நடுவில், ஒரு எல்போ. பார்ப்பதற்கு அதற்கு ஒரு குறையும் இல்லை. பென்சில் கோடு கோட்டோடு சேர்ந்திருந்தது. மற்ற எந்த எல்போவைப் போலவும்தான் இருந்தது. போச்சுடா, இவள் தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன். டைல் பற்றிய கவலை எனக்குத் துளிகூட இல்லை அப்போது.

அவள் கவ்விகளைத் தளர்த்தினாள். கையை உள்ளே விட்டாள், வெளியே எடுத்துவிட்டாள்.

"நீங்க இழுங்க."

"நீ இழு. உன் குழாய்."

"என்னால முடியல. நீங்க இழுங்க."

ரெண்டு விரலால் எல்போவைப் பிடித்தேன். பலமெல்லாம் கொடுக்கவில்லை. லேசாகத் திருகினேன். பேனா மூடியைக் கழற்றுகிற மாதிரி, ஒரு சின்னச் சத்தத்தோடு கழன்றுவிட்டது. குழாயில் மிச்சமிருந்த ஒரு மடக்குத் தண்ணீர் என் உள்ளங்கையில் விழுந்தது.

மூன்று பேரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். இந்த இடத்தில்தான் பம்பு வைத்து ஒரு நாள் முழுக்க அழுத்தினோம். சும்மா ஒட்டிக்கொண்டிருந்த இந்தப் பிடியைத் தண்ணீர் அத்தனை நேரம் தள்ளிக்கொண்டு, வழி கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் காத்திருந்திருக்கிறது. அவசரமே கிடையாது என்று அவள் சோற்றில் கை வைத்தபடி சொன்னது இதைத்தான். என் கையில் கிடந்த அந்தக் கொஞ்சத் தண்ணீரைக் கீழே விட எனக்குப் பயமாக இருந்தது.

"அப்ப அந்த முள்ளு?" என்றார் டாக்டரம்மா.

"முள்ளு இன்னைக்குக் கதைய மட்டும்தாங்க சொல்லும்" என்றாள் என் மனைவி.

டாக்டரம்மா சிரித்தார். "என்கிட்ட வர்றவங்களும் இதத்தான் கேப்பாங்க. பல்லு நல்லாத்தானே இருக்கு, எதுக்குத் தொளைக்கறீங்கன்னு. உங்க வீட்டுக்காரரு கத்தியிருப்பாரே?"

"கொஞ்சம்" என்றாள். கொஞ்சமாம்! நான் அசடு வழிந்தேன்.

ஆனால் அவள் முகம் தெளியவில்லை. கழன்ற எல்போவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். "சொன்னது சரியாப் போச்சு, சரி. மறந்தவ நான்தானே. முதல் வேலையிலேயே மறந்தவள யாரு நம்புவா?" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

நான் யோசித்துப் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கும் யோசிக்கவில்லை.

"இருபத்தாறு வருஷமா சுவரு மூடுறேன்" என்றேன். "எத்தனை பிளம்பருங்க குழாய் போட்ட சுவரு, நானே எண்ணினதில்ல. ஒருத்தன் திரும்பி வந்து, ஒண்ண மறந்துட்டேன், சுவத்தத் திறன்னு என்கிட்டச் சொன்னதில்ல. ஒருத்தன்கூட மறக்கவே இல்லைன்னா நினைக்கிற?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே காதில் விழுந்தது. நான் மூடிய குளியலறைகள், சமையலறைகள், ஆஸ்பத்திரி அறைகள், அத்தனை வழவழப்பும் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தன. அவற்றுக்குப் பின்னால் இந்த நிமிஷம் எத்தனை இடத்தில் தண்ணீர் இப்படிப் பொறுமையாகத் தள்ளிக்கொண்டு நிற்கிறதோ. ஒரு தடவைகூட உள்ளே எட்டிப் பார்க்காமல் மூடிவிட்டு, மார்தட்டிக்கொண்டு வந்தவன் நான். ஈரக்குலை நடுங்கிவிட்டது. இப்படி நடுங்க வைக்கிற ஒரு வேலையை, நாற்பத்து மூன்று வயதில், தெரிந்தே போய்க் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள் இவள்.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்யூஷன் டப்பாவைத் திறந்தாள். பூசினாள், கோட்டோடு கோடு சேரச் சொருகினாள், அழுத்திப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினாள். வலது பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தாள். பிதுங்கி வந்ததைச் சுற்றிலும் துடைத்தாள். பூப் போட்ட துணியில் கறை படிந்தது. அதை இடது பைக்குள் போட்டாள்.

"முப்பத்தொண்ணு" என்றேன் நான்.

காய விட்டு, மறுபடி அழுத்தம் ஏற்றி, சாயங்காலம் வரைக்கும் முள்ளின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தோம். பின்னால் சட்டம் கொடுத்துச் சதுரத்தைத் திரும்ப வைத்தேன். கோட்டைப் பூசி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். எந்த டைல் என்று எனக்கே தேட வேண்டியிருந்தது. அவள் தேடவில்லை.

திங்கட்கிழமை காலை கிளினிக் திறந்தது. கருவிப் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். தையல் மிஷினுக்கு மறுபடி உறை போட்டதை மகள்தான் என்னிடம் கண்ணைக் காட்டிச் சொன்னாள். டாக்டரம்மா நாற்காலியில் ஒரு பொத்தானை அழுத்தினார். வாய் கொப்பளிக்கும் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் சுழன்று நிறைந்தது. வந்தவர்கள் எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள், டைல்ஸைப் பார்த்தார்கள். எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். இரண்டு நாளைக்கு முன்னால் என்றால் அந்தப் புகழ்ச்சியில் குளிர்ந்துபோயிருப்பேன்.

நான் சுவரோரம் போனேன். கீழிருந்து நாலாவது, ஜன்னல் பக்கத்திலிருந்து ஆறாவது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் காதை வைத்தேன். என் சுவர்மேல் நான் காது வைத்தது அதுதான் முதல் தடவை. குளிர்ச்சியாக இருந்தது.

பக்கத்தில் வந்து நின்றாள். "என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல" என்றேன்.

"அப்பச் சரி" என்றாள். "அடுத்த வீட்டுக்கு நேரமாச்சு. வாங்க, போவோம்."

"இரு" என்றேன். காதை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.